கண்ணாடிப் பெட்டிக்குள் வியர்த்த கப்பல்

கப்பல் செய்து சோறு தின்றவன் நான். இருபத்தாறு வருடம். அதில் பத்தொன்பது வருடம் கழிந்த பிறகுதான் முதன்முதலாக ஒரு நிஜக் கப்பலை நேரில் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதுகூட அதிகம். சென்னைத் துறைமுக வாசலில் நின்றுகொண்டு, எதிரே நீல வண்ணம் அடித்து நீண்டு கிடந்த பெரிய சுவரைக் காட்டி, "சார், இந்தக் கட்டடம் எந்த ஆபீஸு?" என்று காவலாளியைக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது நாளைக்குக் காலைல கெளம்பிக் கொழும்பு போவுது. வேணும்னா கூடவே போயி எந்த ஆபீஸுன்னு கேட்டுக்கோ" என்றார்.

அதே கப்பலின் குட்டி உருவம் கண்ணாடிப் பெட்டிக்குள் என் இரண்டு கைகளிலும் இருந்தது. அதன் ஏணிகள், கைப்பிடிக் கம்பிகள், உயிர்காப்புப் படகுகள் எல்லாம் நான் செய்தவை. மூன்று மாதம் மூக்குக்கு நேரே வைத்துச் செய்த பொருளை எதிரில் பெரிதாகப் பார்த்ததும் ஆபீஸ் என்று நினைத்த மூளை இது. இந்த மூளையை நம்பித்தான் நீங்கள் மேலே படிக்கவேண்டும். முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

என் பெயர் ஏகாம்பரம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பின்புறம் இருந்த மாடல் ஷெட்டில் வேலை பார்த்து, நான்கு வருடம் முன்பு ஓய்வு பெற்றேன். பாலாற்றில் தண்ணீர் வந்தால் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்க்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். எங்களுக்கு ஏது கப்பல் என்று கேட்பீர்கள். எங்கள் முதலாளி ஒரு வெளிநாட்டு வியாபாரிக்குப் பரிசு கொடுக்க நினைத்தார். அந்த ஆள் துறைமுக ஊர்க்காரர். ஷூ வாங்க வந்தவருக்கு ஷூவையே பரிசாகக் கொடுக்க முடியாதே. லாஸ்ட் செக்‌ஷனில் இருந்த நாகப்பன் மேஸ்திரியைக் கூப்பிட்டு, "ஒரு கப்பல் செஞ்சி குடுய்யா" என்றார். லாஸ்ட் என்றால் ஷூ தைக்கும்போது உள்ளே வைக்கிற மரக்கால். கால் செதுக்குகிறவனுக்குக் கப்பல் செதுக்க வராதா என்பது முதலாளியின் கணக்கு. மேஸ்திரிக்கு வந்தது. வியாபாரி அசந்துபோய் இன்னும் இரண்டு கேட்டார். பிறகு சென்னையிலிருக்கும் கப்பல் ஆபீஸ்காரர்கள் வரவேற்பறையில் வைக்கக் கேட்டார்கள். அதே சமயம் லாஸ்ட் எல்லாம் பிளாஸ்டிக்கில் வர ஆரம்பிக்க, மரக்கால் செதுக்கிய ஆறு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். ஆறு பேரையும் ஷெட்டுக்குள் தள்ளினார்கள். கப்பல்காரர்கள் ஆகிவிட்டோம்.

இப்போது எதற்கு இதை எழுதுகிறேன் என்றால், போன மாதம் ஷெட்டிலிருந்து பிரியா போன் செய்தாள். இன்று அங்கே பொறுப்பில் இருப்பவள் அவள்தான். லேசர் மிஷின் வந்துவிட்டது. நான் ஒரு நாள் முழுக்கச் செய்த ஏணியை அது ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வெட்டிப் போட்டுவிடுகிறது. எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. முப்பது வருடம் முன்பே அது வந்திருந்தால் என் கழுத்து இன்றைக்கு நேராக இருந்திருக்கும்.

"அண்ணா, ஸ்டோர் ரூம் கதவுல 'டிரம் கட்டை உள்ளே வரக் கூடாது'ன்னு பெயின்ட்ல எழுதியிருக்குதே, அது இன்னா? ராணிப்பேட்டைல ஒருத்தர் டிரம் பலகை தர்றேன்றாரு. பாக்க சூப்பரா இருக்குது."

"வேணாம்மா."

"ஏன்?"

"அது பெரிய கதை."

"அப்போ வாய்ஸ் நோட் போடுங்க."

போட்டேன். பதினான்கு நிமிடம் வந்தது. "அண்ணா, இதுல பாதி நேரம் நீங்க இருமுறீங்க, மீதி நேரம் சிரிக்கிறீங்க. எழுதிக் குடுத்துடுங்க" என்று பதில் வந்தது. எழுதுகிறேன். கதவில் அந்த வரியை எழுதியவன் நான்தான். எழுதவேண்டிய நிலைமையை உண்டாக்கியவனும் நான்தான்.

ஷெட்டில் முதல் இரண்டு வருடம் நான் செய்தது ஏணிப்படி மட்டும். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உடைந்தது, மறுபடி செய்தேன். மரம் பார்த்து எடுப்பதைத்தான் சொல்லவேண்டும். தேக்கை மிஞ்சிய மரம் உலகத்தில் இல்லை என்று நினைத்திருந்தவன் நான். ஒரு கப்பலின் மேல்தளத்துக்குத் தேக்குப் பட்டைகளைச் சீவி ஒட்டி, மார்பை நிமிர்த்திக்கொண்டு மேஸ்திரியிடம் காட்டினேன்.

"இந்தக் கப்பல்ல நடக்குற ஆளு எவ்ளோ ஒசரம்?" என்று கேட்டார்.

"ஆளே இல்லியே மேஸ்திரி."

"இருந்தா?"

நூறு அடியை ஓர் அடியாகச் சுருக்கிச் செய்கிற கப்பல் அது. கணக்குப் போட்டேன். "முக்கால் அங்குலம்கூட வரமாட்டான்."

"அவன் பாதத்தால பாரு."

லென்ஸை வைத்துப் பார்த்தேன். தேக்கின் ரேகை ஒவ்வொன்றும் அவனுக்கு வாய்க்கால். நுண்துளை ஒவ்வொன்றும் கால்விரல் மாட்டுகிற குழி. பாவம், எங்கள் ஊர் சர்வீஸ் ரோட்டில் நடப்பவன் கதிதான் அவனுக்கும்.

அன்றிலிருந்து எந்த மரத்தைக் கண்டாலும் அந்தக் குட்டி மனிதனை அதன்மேல் நடக்கவிட்டுப் பார்ப்பேன். வெட்பாலையில் அவன் தடுக்காமல் நடந்தான். தந்தம்போல வெளுத்த மரம், ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தேடவேண்டும். ஏணிக்கும் சன்னல் சட்டத்துக்கும் அதுதான். கயிறு கட்டுகிற குமிழ்களுக்குக் கொய்யாக் கிளை. மிளகு அளவுக்குக் கடைந்தாலும் விளிம்பு உதிராது. கைப்பிடிக் கம்பிக்கு மூங்கில். ஓர் இரும்புத் தகட்டில் பெரிதிலிருந்து சிறிது வரை பன்னிரண்டு துளைகள் இருக்கும். மூங்கில் சீவலைப் பெரிய துளையில் நுழைத்துக் குறட்டால் இழுக்கவேண்டும். பிறகு அடுத்த துளை. பன்னிரண்டாவதில் வெளியே வரும்போது தையல் ஊசிப் பருமனுக்கு வந்திருக்கும். அந்தக் கடைசித் துளையில் இருமினால் போச்சு. நான் எத்தனை போச்சு பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

உயிர்காப்புப் படகு மட்டும் எங்களுக்கு லேசு. பழைய குழந்தை ஷூ லாஸ்டின் முன்பாதி ஏற்கெனவே முக்கால்வாசி படகுதான். ஒரு ஜோடியை எடுத்தால் கப்பலுக்கு இரண்டு பக்கமும் சரியாகப் போய்விடும். பெரிய பெரிய கப்பல் ஆபீஸ்களின் வரவேற்பறையில் இன்றைக்கும் ஏதோ ஒரு குழந்தையின் இடது காலும் வலது காலும் கவிழ்ந்து கிடக்கின்றன. யாருக்கும் தெரியாது.

மேஸ்திரி குடியாத்தத்து நெசவுக் குடும்பம். தேய்ந்து ஓரங்கட்டிய தறி நாடாக்களைச் சொந்தக்காரர்களிடமிருந்து பை நிறைய வாங்கி வருவார். தறியின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் வருடக்கணக்கில் ஓடிய கட்டை. வளைவதென்றால் அது என்றைக்கோ வளைந்திருக்கும். அதை இழைத்தால் பட்டுப்போல வரும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஸ்டோருக்குள் எந்தக் கட்டை வந்தாலும், கொண்டுவந்தவன் சாக்பீஸால் அதன்மேல் இரண்டு விஷயம் எழுதவேண்டும். இதற்கு முன்பு என்ன வேலை பார்த்தது, எந்த ஊரில் பார்த்தது. 'நாடா, குடியாத்தம்.' 'கதவு, வாலாஜா.' 'ஏர், திமிரி.' எழுதாத கட்டையை அவர் தொடமாட்டார். "இன்னா மரம்னு நான் பாத்தே சொல்லிடுவேன். இன்னா வேலை பாத்துதுன்னு நீதான் சொல்லணும்" என்பார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. நாம் செய்த பாகம் சரியில்லை என்றால் வாயைத் திறக்கமாட்டார். எடுத்துத் தன் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விடுவார். எது சரியில்லை என்று நாம்தான் மண்டையை உடைத்துக்கொள்ளவேண்டும். சாயந்திரம் அவர் பாக்கெட் உப்பியிருந்தால், பெயின்டர் செல்வம் என்னைப் பார்த்து, "ஏகா, இன்னிக்கி உன் சம்பளத்த மேஸ்திரி தூக்கினு போறாருய்யா" என்பான்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, வெயில் காலம் முடிகிற நேரத்தில், வாணியம்பாடியிலிருந்து நஸ்ரீன் என்று ஒரு பெண் ஷெட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூட டீச்சர். அவளுடைய தகப்பனார் கரீம் பாய் ஒரே சரக்குக் கப்பலில் பல வருடம் சமையல்காரராக இருந்தவர். அந்தக் கப்பலை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். கரீம் பாய்க்கு சர்க்கரையில் வலது கண் போய்விட்டது. இடது கண்ணிலும் உள்ளே ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது.

"எவ்ளோ நாள்னு டாக்டர் சொல்ல மாட்றாரு அண்ணா. இந்த வருஷம் தாண்டுறதே கஷ்டம்னு மட்டும் சொல்றாரு. கப்பல அத்தா கண்ணால ஒரு வாட்டி பாத்துடணும். அதுக்கப்புறம் குடுத்தா அது வெறும் கட்டைதான?" என்றாள்.

கையில் ஏழு புகைப்படங்கள் கொண்டுவந்திருந்தாள். ஒன்றில் கரீம் பாய் கப்பலின் பின்தளத்தில் குந்தி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இரும்புக் கப்பல்தான், ஆனால் அந்தப் பின்தளத்துக்கு மட்டும் மரப்பலகை போட்டிருந்தது. வெயிலும் உப்புக்காற்றும் பட்டு, சாம்பல் பூத்த நிறம்.

"இந்தப் பலகை மட்டும் அப்படியே வரணும் அண்ணா. வீட்ல எப்பவும் இந்தப் பலகையப் பத்திதான் பேசுவாரு."

மழைக்காலத்துக்குள் முடித்துத் தருவதாக மேஸ்திரி ஒப்புக்கொண்டார். பின்தளம் என் தலையில் விழுந்தது.

அந்தச் சாம்பல் நிறம் என்னைப் படாத பாடு படுத்திவிட்டது. வெட்பாலைக்கு வண்ணம் பூசினால் வண்ணம் பூசியதுபோலவே இருந்தது. வேறென்ன இருக்கும்! வேம்பு சிவந்தது. பழைய பூவரசுக் கதவு கறுத்தது. கடைசியில் பேரணாம்பட்டுப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் டிரம்களைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். டிரம் என்றால் தோலைத் தண்ணீரில் போட்டுச் சுழற்றுகிற, ஆளைவிடப் பெரிய மரப் பீப்பாய். பலகைகள் வெயிலில் குவிந்து கிடந்தன. ஒன்றைக் கத்தியால் சீவிப் பார்த்தேன். உள்ளே வரைக்கும் சாம்பல் நிறம். அதே நிறம்! ரேகையும் நெருக்கம். குட்டி மனிதன் அதன்மேல் கையை வீசிக்கொண்டு நடந்தான். அந்தச் சந்தோஷத்தில் நான் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன் என்று சொன்னால் நம்பவேண்டும். ஷாப் வாட்ச்மேன் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வரவில்லை.

திரும்பி வரும் வழியில்தான் சாக்பீஸ் ஞாபகம் வந்தது. 'டிரம்' என்று எழுதினால் மேஸ்திரி நாற்பது கேள்வி கேட்பார். எத்தனை வருடம் ஊறியது, எதில் ஊறியது, எப்போது காய்ந்தது. எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியாது. பலகையை இழந்துவிடுவேன். ஸ்டோர் வாசலில் நின்று, 'கதவு, பேரணாம்பட்டு' என்று எழுதினேன்.

மேஸ்திரி முகர்ந்து பார்த்தார். "இன்னா கதவு இது? வாடை ஒரு மாதிரி கீதே."

"தோல் மண்டிக் கதவு மேஸ்திரி."

வேறு ஊர் மேஸ்திரியாக இருந்தால் அங்கேயே பிடித்திருப்பார். எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகைக்கே தோல் வாடை அடிக்கும். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

இருநூற்று எண்பது பலகைகள் சீவினேன். ஒவ்வொன்றும் தீக்குச்சி அகலம். பித்தளைக் கம்பியை நறுக்கி ஆணியாக்கி, நான்கு பலகைக்கு ஒன்று என்று அடித்தேன். கப்பல் முடிந்து கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறிய அன்று மேஸ்திரியின் பாக்கெட் காலியாக இருந்தது. என் வேலையைப் பார்த்த பிறகும் காலி! வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "அவருக்குப் புதுச் சட்டையோ இன்னாவோ" என்றாள்.

நஸ்ரீன் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப்போவதாக இருந்தது. புதன்கிழமை மழை பிடித்தது. வெள்ளிக்கிழமை காலை பெட்டியைப் பார்த்தால் கண்ணாடியின் உள்பக்கம் மூட்டமாக இருக்கிறது. திறந்தேன். பின்தளம் முழுவதும் பொடிப்பொடியாக நீர்த்துளி.

துடைத்தேன். மதியம் மறுபடி துளி. செல்வம் வந்து எட்டிப் பார்த்தான். "ஊர்ல கடல் இல்லன்னு கப்பலே தண்ணி செஞ்சிக்குதுய்யா" என்றான். நான் அவன் அடித்த வார்னிஷைக் குறை சொன்னேன். அவன் என் பசையைக் குறை சொன்னான். இரண்டு பேரும் சேர்ந்து கண்ணாடிக்காரனைக் குறை சொன்னோம். அது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. ஷூ டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சப் போடுவார்களே, அந்தக் குட்டிப் பொட்டலங்களை பேக்கிங் செக்‌ஷனிலிருந்து இரண்டு கை அள்ளிவந்து பெட்டிக்குள் கொட்டினேன். மறுநாள் காலை பொட்டலங்கள் நமுத்துப்போயிருந்தன. தளம் அப்படியேதான் இருந்தது. போதாததற்குப் பித்தளை ஆணியைச் சுற்றிப் பச்சை வளையம்.

எனக்கு பயத்தைவிட ஆச்சரியம்தான் ஜாஸ்தியாக இருந்தது. அதே பெட்டிக்குள் இருக்கும் ஏணி வியர்க்கவில்லை. படகு வியர்க்கவில்லை. என் தளத்துக்கு மட்டும் எங்கிருந்து தண்ணீர் வருகிறது? ஒரு மீதிப் பலகையை வெயில் அடித்த கொஞ்ச நேரத்தில் காயவைத்து, காகிதத்தில் சுற்றி, கடிகாரம் பார்த்துத் திறந்து, மறுபடி சுற்றி, மறுபடி திறந்து... செல்வம் எனக்குப் பைத்தியம் பிடித்ததாக ஷெட் முழுக்கச் சொல்லிவிட்டான்.

சனிக்கிழமை நஸ்ரீன் போன் செய்தாள். "அண்ணா, அத்தா இப்பல்லாம் பேப்பர்ல பெரிய எழுத்து மட்டும்தான் படிக்கிறாரு. நாளைக்கி வந்துடட்டுமா?"

"கண்ணாடி இன்னும் வரல மா. ஒரு வாரம் பொறுத்துக்க" என்றேன். வந்த கண்ணாடியில் என் முகம் எனக்கே தெரிந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை மதியம் ஷெட்டுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு ஆடு ஒன்று நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் மழைக்குத் தளதளவென்று புல் முளைத்திருக்கிறது. ஆடு புல்லைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வெட்டிப் போட்ட டிரம் பலகைத் துண்டுகளை நக்கிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அப்படி ஒரு ருசி. பக்கத்தில் வெட்பாலைத் துண்டும் கிடந்தது. அதை மூக்கால் தள்ளிவிட்டது. நான் ஒரு டிரம் துண்டை எடுத்தேன். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நாக்கை நீட்டி நக்கினேன்.

உப்பு.

தோல் அழுகாமல் இருக்க உப்பைக் கொட்டித்தான் ஊர் ஊராக அனுப்புவார்கள். அந்தத் தோல் முதலில் வந்து ஊறுவது டிரம்மில்தான். எத்தனை வருட உப்போ மரத்துக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. வெயிலில் சும்மா இருக்கும். மழைக்காற்று பட்டால், சமையலறை உப்பு ஜாடி கசிவதுபோல, ஈரத்தை இழுத்துக் கசியும். சந்தேகம் தீர இன்னொரு முறை நக்கினேன். அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"இன்னா ஏகா, மத்தியானம் சோறு எடுத்தாரலயா?"

மேஸ்திரி. கையிலிருந்த துண்டை அவரிடம் நீட்டினேன். "நீங்களும் ஒரு வாட்டி நக்கிப் பாருங்க மேஸ்திரி."

வாங்கினார். நக்கினார். மூன்று பேராக நின்றோம், அவர், நான், ஆடு. நாங்கள் எதை ருசி பார்த்தோம் என்று எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. ஊர்ப்பட்ட மாட்டுத்தோல் குளித்த தண்ணீர். துப்பலாமா என்று பார்த்தேன். மேஸ்திரி துப்பாமல் நிற்கும்போது நான் எப்படித் துப்புவது?

"கதவு?" என்றார்.

"டிரம்மு, மேஸ்திரி."

ஸ்டோருக்குள் போனார். மீதிப் பலகையை வெளியே எடுத்துவந்து, நான் எழுதியிருந்த 'கதவு' என்ற சொல்லைக் கட்டைவிரலால் அழித்தார். சாக்பீஸை என்னிடம் நீட்டினார். 'டிரம்' என்று எழுதினேன். என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். திட்டவில்லை. ஆனால் நான் ஓய்வு பெறும் நாள் வரைக்கும் கட்டைமேல் எழுதுகிற வேலையை என்னிடம் கொடுக்கவில்லை. நான் கொண்டுவந்த கட்டைக்குக்கூட செல்வம்தான் எழுதினான், சிரித்துக்கொண்டே. கதவில் பெயின்டால் எழுதிய அந்த ஒரு வரி மட்டும்தான் விதிவிலக்கு. அதை நான்தான் எழுதவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"அந்தப் பொண்ணுக்குப் போன் போடு" என்றார்.

"நீங்க சொல்லிடுங்களேன் மேஸ்திரி."

என் போனை எடுத்து என் கையில் வைத்தார். போட்டேன். கண்ணாடி வராதது பொய், மரம் தப்பு, நான் தெரிந்தே மறைத்துக் கொண்டுவந்த மரம், தளத்தைப் பிரித்து மறுபடி போடவேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"எத்தினி நாள்?" என்று கேட்டாள்.

"இருபது."

"நேத்து என்னை யாருன்னு கேட்டாரு அண்ணா. குரல் குடுத்தப்புறம்தான் தெரிஞ்சுது" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

கட்டுவதைவிடப் பிரிப்பது கஷ்டம். டீக் கெண்டியின் மூக்கில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, ஆவியைப் பசைமேல் பிடித்து, கம்பிகளையும் ஏணிகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தி எடுத்தேன். எதுவும் உடையக் கூடாது. திரும்பச் செய்ய நாள் கிடையாது. தளத்தைச் சுரண்டி எடுத்த இடத்தை மூன்று முறை நல்ல தண்ணீரால் ஒற்றி, மூன்று முறை காயவைத்தோம். ஒவ்வொரு முறையும் நாக்கால் சோதித்தது யார் என்று நீங்கள் கேட்கவேண்டியதில்லை.

இனி நிறம். வெட்பாலைதான் போடவேண்டும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். சாம்பல் நிறத்துக்கு என்ன செய்வது? அந்தக் காலத்தில் தோல் பதனிடக் கடுக்காய் ஊறவைப்பார்கள். அந்தத் தண்ணீரில் இரும்பு ஆணி விழுந்தால் தோல் கறுத்துவிடும் என்று தோல் ஷாப்பில் எல்லோரும் பயப்படுவார்கள். அவர்கள் பயந்ததை நாம் வேண்டுமென்றே செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. துருப்பிடித்த ஆணிகளைப் புளித்த கஞ்சியில் போட்டு வைத்தேன். பலகைக்கு முதலில் கடுக்காய்த் தண்ணீர் பூசி, காய்ந்ததும் கஞ்சித் தண்ணீரைத் தொட்டேன். கண்ணெதிரே வெள்ளை மரம் மையாகக் கறுத்தது. நாற்பது பலகை பாழ். கடுக்காயைப் பாதியாகக் குறைத்தேன். நாவல்பழ நிறம் வந்தது. காலாகக் குறைத்தேன். ஒன்பதாவது கலவையில், காய்ந்து ஒரு மணி நேரம் கழித்து, வெயிலில் கிடந்த பழைய பலகையின் நிறம் மெல்ல மேலே வந்தது. புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் செல்வமும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். அப்படி ஒரு நிறம் வருவதைப் பார்க்க இன்னும் பத்துத் தப்பு செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. வெளியே சொல்லவில்லை.

இருபத்தோராவது நாள் காலை, மேஸ்திரியும் நானும் ஒரு வேனில் கப்பலை மடியில் வைத்துக்கொண்டு வாணியம்பாடி போனோம். கீழ் வீடு இருட்டாக இருந்தது. "மாடிக்கு எடுத்தாங்க, அங்க வெளிச்சம் ஜாஸ்தி" என்றாள் நஸ்ரீன். மழை விட்டு நல்ல வெயில். ஒரு மேசையைப் போட்டு அதன்மேல் கப்பலை வைத்து, கண்ணாடியைக் கழற்றினோம்.

கரீம் பாயை மகள் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்தாள். படியை ஒவ்வொன்றாகக் காலால் துழாவி வைத்து ஏறினார். மேஸ்திரி கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணியைப் பார்க்க ஆரம்பித்தார்.

"அத்தா, உங்க கப்பலு" என்றாள். "பெயின்ட்டு இன்னும் காயல, தொடாதீங்க." பெயின்ட் எப்போதோ காய்ந்திருந்தது, கையால் தடவாமல் கண்ணால் பார்க்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னாள்.

அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். குனிந்தார். இடது கண்ணைக் கப்பலுக்கு மூன்று விரல்கடை தூரத்தில் கொண்டுபோய் வைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முன்முனையிலிருந்து அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். பின்தளத்துக்கு வந்தார். நின்றார்.

எனக்கு சும்மா இருக்கத் தெரியாது. "பாய், அந்தப் பலகையப் பாருங்க, நீங்க குந்தி வெங்காயம் உரிச்ச எடம். கடுக்கா போட்டு எடுத்த கலரு..." என்று ஆரம்பித்தேன். மகளைப் பார்த்தேன். அவள் துப்பட்டா முனையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள்.

மெதுவாக மேசையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். அந்தப் பக்கத்துக்கு எங்களிடம் படமே கிடையாது. ஏழு படமும் வலப்பக்கம்தான். இடப்பக்கத்துக்கு, வலப்பக்கத்தில் இருந்ததையே அப்படியே திருப்பி நான் வரைந்திருந்தேன். கதவுகள், கதவுப் பிடிகள் எல்லாம் தூரிகையின் ஒற்றை மயிரால் இழுத்த கோடுகள். தொட்டாலும் விரலுக்குத் தட்டுப்படாது. அங்கேயும் கண்ணைக் கிட்டே வைத்தார். நெடுநேரம் நகரவே இல்லை. அவர் மூச்சில் கைப்பிடிக் கம்பி லேசாக ஆடியது எனக்குத் தெரிந்தது. அவருக்கு ஏதாவது தெரிந்ததா என்பதுதான் தெரியவில்லை. ஒரு வாரம் முன்பே கொண்டுவந்திருந்தால்... இருபத்தொரு நாள் முன்பே...

தாங்கமுடியாமல் கேட்டுவிட்டேன். "பாய், தெரியுதாங்க?"

அவர் நிமிரவில்லை.

"கிச்சனுக்கு இந்தப் பக்கம் கதவு கெடையாது."